ஸ்பூன் கணக்கில் சோப்பு வராது
வீட்டுப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிப் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு செய்தேன். ஒரு டம்ளர் எண்ணெய்க்கு மூன்று ஸ்பூன் காஸ்டிக் சோடா என்று வீடியோவில் சொன்னார்கள். ஒரு மாதமாகியும் கட்டி இறுகவில்லை, மேலே எண்ணெய் கசிகிறது. மஞ்சள் தூளைத் தடவிப் பார்த்தால் சிவக்கிறது. காஸ்டிக் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? (ஈரோடு வாசகி)

கோளாறு ஸ்பூனில்தான். காஸ்டிக் சோடா கடையில் செதிலாகவும் கிடைக்கும், மணியாகவும் கிடைக்கும். செதில் ஸ்பூனில் குவிந்து நிற்கும், நடுவிலெல்லாம் காற்று. மணி நெருங்கி உட்காரும். அதே ஸ்பூன்தான், எடை வேறு. எண்ணெய்க்கு எண்ணெயும் கணக்கு மாறும். 100 கிராம் தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க சுமார் 18.3 கிராம் காஸ்டிக் வேண்டும். கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்திக்கும் 13.5 கிராம் அளவில் போதும், பாமாயிலுக்கு 14.2. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பலகாரம் சுட்ட எண்ணெயில் உப்பும் பொரிந்த துகளும் இருக்கும். எண்ணெயின் அளவுக்கே தண்ணீர் சேர்த்து, பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பாதபடி வைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் உப்பும் கசடும் தண்ணீரோடு அடியில் தங்கும். மேலே நிற்கும் எண்ணெயை மொண்டு எடுத்துத் துணியில் வடிகட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சோப்பில் பழைய முறுக்கு வாசனை கடைசிவரை போகாது.

அளவு: வடிகட்டிய கடலை அல்லது சூரியகாந்தி எண்ணெய் 350 கிராம், புதுத் தேங்காய் எண்ணெய் 150 கிராம், காஸ்டிக் சோடா 71 கிராம், தண்ணீர் 165 கிராம். பழைய எண்ணெய் பாமாயில் என்றால் காஸ்டிக் 73 கிராம். இதில் ஐந்து சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்கு போட்டிருக்கிறது, கை எரியாமல் இருப்பதற்காக. தேங்காய் எண்ணெய் எதற்கு என்றால், அது இல்லாத கட்டி கொழகொழவென்றே இருக்கும், உப்புத் தண்ணீரில் நுரையும் வராது.

காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போதே அடுப்பில் வைத்ததுபோல் சுடும், ஆவி தொண்டையைக் கமறும். அதனால் ஜன்னலோரம் நின்று, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கரையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தோலில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடிக்கொண்டிருக்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதேபோல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40-45 டிகிரிக்கு வந்ததும் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். (பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும், விரலை உள்ளே விட்டுவிடாதீர்கள்!) கரண்டியால் கலக்கினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், கை பிளெண்டரில் ஐந்து நிமிடம். மோர்க்குழம்பு பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து சொட்டுவது மேற்பரப்பில் கோடாக நின்றால் நிறுத்தலாம். பலரும் அதற்கு முன்பே கை வலிக்கிறது என்று ஊற்றிவிடுகிறார்கள். எண்ணெய் பிரிந்து மேலே வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, துண்டு போட்டு மூடி, 24 மணி நேரம் கழித்துக் கையுறையோடு வெட்டுங்கள். பிறகு காற்றாட நான்கு வாரம். மேலே வெள்ளையாகப் பொடி பூத்தால் அது சலவை சோடாதான், துடைத்துவிடலாம். உள்ளே வெட்டிய இடத்தில் வெள்ளைக் கட்டியோ நீர்க்குமிழோ தெரிந்தால் அது கரையாத காஸ்டிக், அந்தக் கட்டியைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது கையில் இருக்கும் கட்டிக்கு வருவோம். எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் துருவிப் போட்டு, அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஒரு மணி நேரம் கிளறுங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான். கேழ்வரகுக் களி மாதிரி ஒன்று திரண்டால் கலக்கியது போதாமல் போனதுதான் குறை. அப்போதும் எண்ணெய் பிரிந்தால் காஸ்டிக் குறைவு. இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் போகாதீர்கள். எவ்வளவு போட்டோம் என்றே தெரியாத கலவையைச் சரிசெய்ய வழி கிடையாது.

மஞ்சள் சோதனையை மறந்துவிடுங்கள். நல்ல சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், எதில் தடவினாலும் மஞ்சள் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வித்தைதான்.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்க வைத்து, பயோ என்சைம் என்கிற துடைக்கும் திரவம் செய்து சமையல் மேடையைத் துடைத்து வந்தேன். கருகருவென்று இருந்த கடப்பா கல் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. எப்படிப் போக்குவது? (கோவை வாசகி)

போக்க முடியாது. அது கறை அல்ல, கல்லே கரைந்த இடம். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. வெல்லம் புளித்து உண்டான அமிலம் மேல் பாலிஷைத் தின்றுவிட்டது. மேடையில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்தால் வளையம் விழுமே, அதே கதைதான். எண்ணெய் தடவினால் ஓரிரு நாள் கருப்பாகத் தெரியும். நிரந்தரமாக வேண்டுமானால் கல் பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். மார்பிள், மார்பிள் சில்லு பதித்த மொசைக் தரை இரண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. கிரானைட்டுக்கும் செராமிக் டைலுக்கும் பயமில்லை.

மற்ற இடங்களுக்கு அது நல்ல பொருள்தான். வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், மூன்று மாதம். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். கண்ணாடி பாட்டில் என்றால் வெடிக்கும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பரவாயில்லை, பச்சையோ கருப்போ பூஞ்சை பிடித்தால் கொட்டிவிடுங்கள். தரை துடைக்க ஒரு வாளித் தண்ணீருக்கு 50 மி.லி. போதும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் மட்டும் இதை ஊற்றாதீர்கள், அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

பெயின்ட் வாளியில் துளை போட்டுச் சமையலறைக் கழிவை உரமாக்குகிறேன். பத்தே நாளில் நாற்றம், புழு. பக்கத்து ஃபிளாட்டில் புகார். விட்டுவிடவா? (சென்னை வாசகர்)

வேண்டாம், காய்ந்த பொருளைக் கூட்டுங்கள். வாளி நாறினால் பெரும்பாலும் காரணம் அது குறைந்துபோனதுதான். ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் காய்ந்த சருகோ தென்னை நார்த் துகளோ கிழித்த செய்தித்தாளோ அதன் மேல் விழ வேண்டும். வழவழப்பான வண்ணத் தாள் கூடாது.

எந்த நாற்றம் என்று மூக்கிடம் கேளுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம். வாளியைக் கவிழ்த்துக் கொட்டி, சருகு கலந்து, அடியில் ஒரு கை தேங்காய் நாரோ உடைந்த ஓடோ போட்டு மறுபடி நிரப்புங்கள். மூக்கைக் குத்துகிற அம்மோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு மட்டும் சேர்த்தால் அடங்கும். ஒரு பிடியை எடுத்து அழுத்திப் பிழியும்போது ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

20 லிட்டர் வாளிக்குப் பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் 8 மி.மீ. அடியிலும் ஐந்தாறு வேண்டும், கீழே ஒரு பழைய தாம்பாளம். தாம்பாளத்தில் தேங்கும் நீரைத் தினமும் கொட்டுங்கள், நாற்றத்தில் பாதி அங்கிருந்துதான். வாய்க்குப் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி அதன் மேல் மூடி வைத்தால் பழ ஈ நுழையாது. தடித்த பழுப்புப் புழு என்றால் அது பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று முடிக்கும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் இரண்டு அங்குலம் சருகு போட்டு மூடுங்கள்.

வாளி ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். முதலாவது நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை கிளறினால் 45 முதல் 60 நாளில் மண் வாசனை வரும். முடிந்ததா என்று சந்தேகமா? ஒரு பிடியை பாலித்தீன் கவரில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள். நாறினால் இன்னும் வேகவில்லை. எண்ணெய்க் குழம்பு, எலும்பு, மீன் கழிவு ஆகியவை ஃபிளாட் வாளிக்கு ஆகாது, எலி தேடி வரும்.

பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் காய்கறி வைத்தேன். தக்காளி வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் அழுகியது. பொய்யா அந்த முறை? (தூத்துக்குடி வாசகர்)

பொய் இல்லை, ஊர்தான் தோதுப்படவில்லை. நைஜீரியாவின் வறண்ட வடபகுதியில் 1990-களில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதைப் பரவலாக்கினார், 2000-ல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். தண்ணீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துப் போகிறது, அவ்வளவுதான் தத்துவம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்?

எண்ணில் பாருங்கள். 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஆவியாதலால் சூட்டை அதிகபட்சம் 22 டிகிரிக்குக் கொண்டுவரலாம். 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30 டிகிரியோடு நின்றுவிடும். பானை அந்த அளவைக்கூட முழுதாக எட்டாது. கடலோரத்தில் தக்காளிக்குக் குளிர்ச்சி கிடைக்கவில்லை, ஈரப் புழுக்கம்தான் கிடைத்தது. வேலூர், சேலம் பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். செய்வதற்கு முன் ஒரு தெர்மாமீட்டரின் முனையில் ஈரத்துணி சுற்றி மின்விசிறி முன் பிடியுங்கள். அது எட்டு பத்து டிகிரி இறங்கினால் பானை வாங்கலாம், மூன்று நான்கு டிகிரியோடு நின்றால் காசு மிச்சம். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அறை வெப்பமானி வேண்டும்.)

செய்பவர்களுக்கு: வெளிப்பானைக்குப் பெயின்டோ வார்னிஷோ அடிக்கக் கூடாது, இடைவெளி 3-4 செ.மீ., காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர், நிழலில் காற்றோட்டமான இடம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் சில மாதத்தில் பானையின் நுண்துளைகள் அடைந்து குளிர்ச்சி குறையும். பாலும் இறைச்சியும் இதில் வைக்கிற பொருள் இல்லை.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். தொட்டிச் செடிக்குப் பாட்டிலில் திரி போட்டுத் தண்ணீர் விடலாம் என்கிறார்களே? (திருச்சி வாசகி)

விடலாம். பழைய பருத்தி வேட்டியைச் சுண்டுவிரல் கனத்துக்கு முறுக்கி, முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த திரியில் தண்ணீர் ஏறத் திணறும், பலருக்குத் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு முனை பாட்டிலின் அடிவரை, மறுமுனை மண்ணுக்குள் நான்கு விரல் ஆழம். பாட்டிலைத் தொட்டி மண்ணின் மட்டத்துக்கே உயர்த்தி வையுங்கள். தரையில் வைத்தால் அத்தனை உயரம் திரி இழுக்காது. திரி நுழையும் இடம் தவிர வாயை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து நாளில் டெங்கு கொசு வளர்த்திருப்பீர்கள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே வைத்து, தினம் எவ்வளவு இறங்குகிறது என்று பாட்டிலில் கோடு போட்டுப் பாருங்கள். அதைப் பத்தால் பெருக்கினால் எத்தனை பாட்டில் என்று தெரிந்துவிடும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா? சுத்தமான தண்ணீர்தானே? (சென்னை வாசகர்)

உப்பு இல்லாத தண்ணீர், ஆனால் சுத்தமான தண்ணீர் இல்லை. செம்பு, அலுமினியச் சுருள் மேல் வழிந்து, தூசியையும் பாசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. துளி உலோகம் போனாலும் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள், குடிக்காதீர்கள்.

கிழிந்த ஜீன்ஸில் பை தைக்கிறேன். ஐந்து கிலோ அரிசி வாங்கினால் கைப்பிடி பிய்ந்துவிடுகிறது. (மதுரை வாசகி)

மீண்டும் மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு பழைய துணிப்பை தைக்காத வீடு குறைவு, பிய்யாத கைப்பிடியும் குறைவு! கைப்பிடியின் முனையைப் பையின் விளிம்பில் வைத்து ஒரே ஒரு தையல் ஓட்டுவதால் பாரம் முழுக்க அந்த ஒற்றை வரியில் விழுகிறது. முனையை விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. இறக்கி, உள்ளே ஒரு துண்டு ஜீன்ஸ் துணி ஒட்டுக் கொடுத்து, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். ஜீன்ஸுக்கு 16-ம் நம்பர் ஊசி. நூல் பாலியஸ்டர்தான், பருத்தி நூல் துவைக்கத் துவைக்க இற்றுவிடும். முழங்கால் வெளுத்த பகுதியைக் கைப்பிடிக்கு எடுக்காதீர்கள், அங்கே இழை ஏற்கெனவே பாதி போயிருக்கும். இடுப்புப் பட்டி இருக்கிறதே, அதுதான் பேன்ட்டிலேயே உறுதியான துண்டு. அதை இரண்டாக வெட்டினால் கைப்பிடி தயார்.