சொந்தக் காசில் போட்டால் புத்தகம் ஆகாதா?

கேள்வி: அண்ணாச்சி, மூன்று இதழாகப் பேர் தெரியாத ஆட்களின் மாயக்கதை, அறிவியல் கதைப் புத்தகங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். எல்லாம் சொந்தக் காசில் அச்சிட்டவை. பதிப்பகம் தள்ளியதை நீங்கள் ஏன் தூக்கிவைக்க வேண்டும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வாசித்துப் பார்த்துத் தள்ளியிருந்தால் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. நான் பேசிய எழுத்தாளர்களில் பலருக்குப் பதில் கடிதமே வரவில்லை. மற்றவர்களுக்கு, "பேய், ராக்கெட்டெல்லாம் போகாது தம்பி" என்று போனிலேயே சோலி முடிந்துவிட்டது. முதல் போடுகிறவர் விற்பனையைப் பார்க்கத்தான் செய்வார், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கை எடுத்து நீங்கள் கதையின் தரத்தை அளக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் தென்காசி ரயில் ஏறினால் வழியில் கடையம் வரும். 1920-ல் அங்கே இருந்தபோது பாரதி, தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகத் தானே வெளியிடப்போவதாகவும் அதற்குக் கடன் வேண்டுமென்றும் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நடக்கவில்லை. மறு வருஷம் அவரே இல்லை. சொந்தமாக அச்சிடுவதை இளக்காரமாகப் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக் கதை நமக்கு அந்நியமும் இல்லை. விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்ற கதையை, அந்தப் பிள்ளையான சுடலைமாடனின் கோயில் கொடை விழாவில் விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டாகக் கேட்டவர்கள் நாம். அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைச் சோதித்துப் பார்க்கிறார்கள், கூடங்குளத்தில் அணு உலை ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்?

போன இதழில் எழுதினோமே, அந்தக் காற்றாலை நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ராதாபுரம் பக்கம் காற்றாலைகளெல்லாம் நின்றுபோன ஒரு காலம். வயசான மெக்கானிக் ஒருவர் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறுகிறார். கை கிரீஸில் வழுக்குகிறது. முழங்கையை மடக்கிக் கம்பியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். உச்சியில் மூடியைத் திறந்தால் தெற்கே கடல், மேற்கே மலை, காதில் செத்துப்போன அவர் மனைவியின் இருமல். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, சற்று நேரம் சும்மா இருந்தேன்.

அதே நாவலில் எட்டாம் அத்தியாயத்தில் செத்த மாடு பதினொன்றில் மேய்கிறது. கடைசி இருபது பக்கம் வெறும் விளக்கவுரை. இரண்டையும் மதிப்புரையில் எழுதினோம். நாவலை எழுதிய பெண் போன் செய்து, அடுத்த ஐம்பது பிரதிக்கு முன்னால் திருத்திவிடுவேன் என்றார். ஆயிரம் பிரதி அடித்துக் கிட்டங்கியில் போட்டிருந்தால் இது முடியாது. கேட்கிறபோது மட்டும் அச்சடிக்கிற முறையில் இப்படி ஒரு வசதி. பதிப்பாசிரியர் இல்லாத எழுத்தாளருக்கு முதல் கறாரான வாசகர் மதிப்புரைக்காரர்தான். அதனால்தான் எழுத்தாளரின் சொந்தக்காரர் எழுதி அனுப்பும் பாராட்டை நாங்கள் போடுவதில்லை.

வருவதில் பெரும்பாலானவை சுமார்தான், மறைக்கவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. மார்க் லாரன்ஸ் என்ற நாவலாசிரியர் 2015-ல், சொந்தமாக வெளியிட்ட ஆங்கில மாயக்கதை நாவல்களுக்கு ஒரு போட்டி தொடங்கினார். 300 புத்தகங்களைப் பத்து விமர்சகர் குழுக்கள் ஆளுக்கு 30 என்று பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு குழுவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மிஞ்சும் பத்தையும் எல்லாக் குழுக்களும் வாசித்து மதிப்பெண் போடும். யாரும் முந்நூறையும் முழுசாக வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் யாரோ ஒருவர் திறந்து பார்த்திருப்பார்.

எங்களிடம் அத்தனை ஆள் இல்லை. வருகிற எதையும் முப்பது பக்கமாவது வாசிக்காமல் ஒதுக்குவதில்லை என்று மட்டும் வைத்திருக்கிறோம். இப்போது மேஜையில் பதினொன்று காத்திருக்கின்றன. மூன்றை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன், வாசித்துவிட்டு எழுதுங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று குறிப்பிட்டு எழுதுங்கள், அப்படியே போடுகிறேன்.