உச்சிவெயிலில் பூட்டும் பூங்கா

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையின் கடலோரப் பகுதிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பெசன்ட் நகரில் எங்கள் தெருமுனையில் ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. வர்தா புயலில் அதிலிருந்த பெருங்கொன்றை விழுந்துவிட்டது. அந்த இடம் இன்றுவரை வெறுமையாகவே கிடக்கிறது. அங்கே ஒரு மரம் நடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் இப்போது முடிவாகியிருக்கிறது. கடற்காற்றையும் உப்பையும் தாங்கும் மரம் எது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். பகலில் வெளியாட்கள் வந்து பெஞ்சுகளில் படுத்துத் தூங்குகிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் குப்பை போடுகிறார்கள், காதலர்கள் வந்து உட்கார்கிறார்கள் என்று பலர் குறைப்படுவதால், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை பூங்காவைப் பூட்டிவைக்கும் யோசனை வந்திருக்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் தெருவில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தார்கள். இப்போது கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கிறார்கள். பூங்காவில் மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்தினால் அந்தப் பழைய உறவு திரும்புமா?

க., பெசன்ட் நகர்

*

அன்புள்ள க.,

மரத்தைப் பற்றிய கேள்வியைத்தான் நீங்கள் முதலில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் என் கண் ‘வெளியாட்கள்’ என்ற சொல்லில் போய் நின்றுவிட்டது. பல மாதங்களாக நான் எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் தொட்டுவிட்டீர்கள். ஆகையால் இந்தப் பதிலில் உங்களுக்குச் சிறிது திட்டும் கிடைக்கும். அந்தத் திட்டில் பெரும்பங்கு எனக்கு உரியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடலாம். கைப்பேசி வருவதற்கு முன்பு எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தார்கள் என்பது நம் வயதுக்காரர்கள் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதை. எழுபதுகளில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து வீடு கொடுத்தபோது இங்கே வந்து சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள்தாம்; தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றபோது பழகினார்கள். தேவை பழக வைத்தது. காதலர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை, அவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். குப்பைக்கு ஒரு தொட்டி வையுங்கள்.

வெளியாட்களுக்கு வருகிறேன். நம் பகுதியின் பெயரே ஒரு வெளியாளின் பெயர். அன்னி பெசன்ட் 1847-இல் லண்டனில் பிறந்து, 1933-இல் அடையாற்றில் இறந்தவர். பக்கத்துக் குப்பத்துக்குப் பெயர் தந்த ஆல்காட் அமெரிக்கர். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காக 1894-இல் இங்கே இலவசப் பள்ளி தொடங்கியவர். நீங்கள் மாலை நடை முடித்து மூச்சு வாங்க நிற்கும் கடற்கரை வெள்ளை வளைவு, 1930-இல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் எந்தத் தெருவினர் என்று அவர் கரையில் நின்று விசாரித்திருக்க மாட்டார். இந்த மணலில் உள்ளாள் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டென்றால் அவர் ஊரூர் குப்பத்து மீனவர். மனைகளும் சாலைகளும் வருவதற்கு முன்பே இங்கே வலை உலர்த்தியவர். உங்கள் சங்கத்தின் கணக்கிலோ அவர் மனைவி பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் வெளியாள்.

இனி என் பங்கு. எங்கள் தெருவிலும் உங்களுடையதைப் போலவே ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது அது பெரிய கிளைகள் இரண்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது. ஒடிந்த கிளைகளை அகற்றி, சாய்ந்த வேலியை நிமிர்த்தும்வரை பூங்காவைப் பூட்டிவைத்தோம். அந்தப் பூட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. அடுத்த கோடையில் சங்கக் கூட்டத்தில், பத்து முதல் நான்கு வரை பூட்டிவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தபோது நான் கையுயர்த்தினேன். அதோடு போகவில்லை. எழுதுகிறவன் என்பதால் அறிவிப்புப் பலகையின் வாசகத்தை என்னிடமே கேட்டார்கள். ‘பராமரிப்பின் பொருட்டு’ என்று தொடங்கினேன். ‘பொருட்டு’ என்று எழுதி முடித்ததும் நல்ல தமிழ் எழுதிவிட்ட நிறைவுகூட ஏற்பட்டது. அந்த ஆறு மணி நேரத்தில் பராமரிப்பு என்று எதுவும் நடக்கப்போவதில்லை என்பது கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

என் அம்மா இருந்த காலம் முதல் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்த அக்கா ஒருவர் உண்டு. விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த மீனை அலுமினியப் பாத்திரத்தில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டு, பன்னிரண்டு மணிக்குமேல் அந்தப் பூங்காவில் வந்து உட்கார்வார். வெறும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறப்பார். அவருக்கென்றே மூன்று பூனைகள் காத்திருக்கும். இஸ்திரி வண்டிக்காரர் வருவார். மூன்று வீடுகளில் வேலையை முடித்துவிட்டு, நான்காவது வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கத்திலிருந்து எழும்வரை போக இடமில்லாத பெண்கள் வருவார்கள். இரவுக் காவல் பார்த்தவர் துண்டை விரித்துப் படுத்திருப்பார். பிற்பாடு, உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் சீருடைப் பையன்களும் சேர்ந்தார்கள். ஒருவர் தூக்கில் இருக்கும் குழம்பை இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொள்வார். எந்த வீட்டில் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார், யார் வீடு காலியாகிறது, யார் மகனுக்கு வேலை போயிற்று என்ற செய்திகள் எல்லாம் அங்கேதான் முதலில் பேசப்படும். நீங்கள் ஏங்குகிறீர்களே, எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த வாழ்க்கை, அது நாள்தோறும் மதியம் ஒரு மணிக்கு எங்கள் பூங்காவில் நடந்துகொண்டிருந்தது. அதை மாடியிலிருந்து பார்த்தபடியே, நகரத்தில் சமூக வாழ்க்கை அழிந்துவிட்டது என்று நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

பலகை மாட்டிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வங்கியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தூங்குமூஞ்சியின் கிளையொன்று வேலியைத் தாண்டி நீண்டிருந்த இடத்தில், நடைபாதையில் விழுந்த சிறிய நிழலுக்குள் கால்களை மடக்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுத் தூக்கு. அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, ‘பராமரிப்பு நடக்கிறது’ என்றேன். அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். “இந்த மரமே சாயங்காலந்தான் தூங்குது. பார்க்கு மத்தியானமே தூங்குதா தம்பி?” என்றார். பிறகு, இதெல்லாம் ஒரு பொருட்டா என்பதுபோல, நாளைக்கு வஞ்சிரம் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் எழுதிய ‘பொருட்டு’ அன்றைக்குச் செத்தது.

அன்று முதல் எனக்கு அந்த மதியம் ஒரு மணி வேளையைப் பற்றித்தான் யோசனை. பொறுத்துக்கொள்ளுங்கள், இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கடலோரத்தில் வீடு வாங்குகிறவர்கள் எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்? காற்றுக்காகத்தானே? அந்தக் காற்று எந்த நேரத்தில் வருகிறது என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்பி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. கோடையில் பெரும்பாலும் அது நண்பகலை ஒட்டி வந்து சேரும். கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுத்து எதிர்த்து நிற்கும் நாட்களில் இரண்டு மணி, மூன்று மணி என்று தள்ளிப்போகும். சில நாள் வராமலே ஏமாற்றிவிடும். காலை ஆறு மணிக்கு நடக்க வருபவருக்கு மரநிழல் எதற்கு? அப்போது கடற்காற்றும் கிடையாது. மரத்துக்கும் கடலுக்கும் வேலை வரும் நேரம் எதுவோ, சரியாக அந்த நேரத்தைத் தேடிப்பிடித்து நாம் பூட்டுகிறோம். பந்தி நடக்கும்போது மண்டபத்தைச் சாத்திவிட்டு, இலை எடுத்த பிறகு வாருங்கள் என்று விருந்துக்கு அழைப்பது போன்ற காரியம் இது.

நிழல் தேவையில்லாதவர்களின் வசதிக்காக நிழல் தேவைப்படுகிறவர்களை வெளியே நிறுத்துகிறோம் என்று மூன்று கூட்டங்களில் பேசிப்பார்த்தேன். மூன்றிலும் தோற்றேன். “பலகையை எழுதியதே நீங்கள்தானே, சார்?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

உங்கள் சங்கத்தில் இன்னும் தீர்மானம் ஆகவில்லை என்பதால் உங்களிடம் இதைச் சொல்லலாம். பூங்கா சங்கத்தின் சொத்தன்று. சென்னைப் பெருநகரப் பகுதியில் இன்று 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிக்கிறவர், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு எழுதிக்கொடுத்தாக வேண்டும். பொதுவுக்கு என்றால், அந்தத் தெருவில் வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு என்று பொருளாகாது. சங்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், பெஞ்சுக்கு வண்ணம் அடிக்கலாம், அதற்காக நன்றியும் பெற்றுக்கொள்ளலாம்; சாவி கையில் இருப்பதால் நிலம் நம்முடையதாகிவிடாது. படுத்துத் தூங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்குகிறவர் அப்படி என்ன கெடுதல் செய்துவிட முடியும்? இரவெல்லாம் அவர் விழித்திருந்தது உங்கள் வாசலில்தான். தனியாக வரும் பெண்களுக்கு அச்சமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது நியாயமான பேச்சு. காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் மீன்காரம்மாவும் இஸ்திரிக்காரரும் உட்கார்ந்திருக்கும் பூங்காவா, ஆளரவமற்ற பூங்காவா, எது அச்சம் தரும் என்று அந்தப் பெண்களையே கேளுங்கள்.

மாதாந்தர நிகழ்ச்சியை நடத்துங்கள், தடையில்லை. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலை விழா தொடங்கியபோது எங்கள் தெருவினர் சிலர் நடந்தே போனோம். பத்து நிமிட நடை. பல வருடங்களாக இங்கே குடியிருந்தவர்கள் அன்றுதான் முதன்முதலாக அந்தச் சந்துகளுக்குள் கால் வைத்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். விழா எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் மறுநாள் நான் பழைய வழியிலேயே நடக்கப் போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு கூட்டமும் இந்தக் கரையில் உண்டு. 1988 முதல் மாணவர்கள், தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமை இட்டுச் செல்லும் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறார்கள். ஆமை தனக்கு வசதியான நேரத்தில்தான் கரையேறும்; அதற்காகத் தங்கள் தூக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த நடையில் சேர்ந்து நடந்தவர்கள் இருபது வருடங்களுக்குப் பின்னும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சாப்பிடப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா இப்போது வருவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. மருமகள் வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார். அவருக்கு நின்று பேச நேரமில்லை. பலகை அங்கேயே இருக்கிறது. ‘பொருட்டு’ மட்டும் வெயிலில் வெளுத்திருக்கிறது.

உங்கள் மரத்தை மறந்தே போனேன். பெருங்கொன்றை விழுந்ததற்குக் காற்றை மட்டும் பழிக்காதீர்கள். வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது வேரை அறுத்திருப்பார்கள். அடிமரம் வரை கல் பதித்திருப்பார்கள். மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டியிருப்பார்கள். அயல்நாட்டு மரங்களே விழுந்தன என்று அப்போது பரவலாகப் பேசினார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு; ஆயினும் எங்கள் தூங்குமூஞ்சியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், அதன் கீழேதான் இவ்வளவும் நடந்தது என்பதால் மரத்திலும் வெளியாள் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புன்னை நடுங்கள். நெய்தல் நிலத்து மரம். மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பிறந்த வீடு. தடித்துப் பளபளக்கும் இலை, அடர்ந்த நிழல். மெல்லத்தான் வளரும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் பக்கத்தில் ஒரு பூவரசும் வையுங்கள். போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் நடுவது நல்லது. மூன்றடிக் குழி எடுத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போடுங்கள். அடியைச் சுற்றி ஆறடிக்குச் சிமெண்டோ கல்லோ வரக்கூடாது என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். காலையில் நடக்க வருபவர்கள் முதல் மாதம் ஆர்வமாக ஊற்றுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். இஸ்திரி வண்டிக்காரரிடமோ, மதியம் வந்து உட்காரும் பெண்களில் ஒருவரிடமோ சொல்லிவையுங்கள். கன்று வாடுவது ஒரு மணி வெயிலில்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் உள்ளே ஆள் இருக்க வேண்டும்.