கார் தகட்டில் சொட்டை எடுக்க சொந்தக் கருவி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வளைத்து, தகட்டைத் தட்டிச் சமன்செய்யும் ஸ்லாப்பர் செய்தேன். அடித்தால் தகட்டில் பிறை பிறையாகத் தழும்பு விழுகிறது. போதாக்குறைக்கு முஷ்டியும் தகட்டில் இடிக்கிறது. எங்கே தப்பு?
– டிங்கர் வேலை பழகுபவர், நாமக்கல்

பதில்: முஷ்டி இடிப்பதால்தான் பிறையும் விழுகிறது. பிடி தாழ்வாக இருக்கிறது. கை இடிக்கக் கூடாதென்று மணிக்கட்டை உங்களையறியாமல் தூக்குகிறீர்கள். உடனே பட்டையின் முன்விளிம்பு முதலில் இறங்குகிறது. அந்த விளிம்பை உருட்டாமல் விட்டிருப்பீர்கள்.

லாரிப் பட்டை பெரும்பாலும் 10 மி.மீ.க்கு மேல் கனம். கார் தகடோ 0.7 முதல் 0.9 மி.மீ. தான், அதற்கு இவ்வளவு பாரம் வேண்டாம். சிறிய சரக்கு வண்டியின் பட்டையில் 6 – 7 மி.மீ. கனமுள்ளதைத் தேடி வாங்குங்கள். நடு போல்ட் துளையை ஒட்டிய பகுதியை ஒதுக்கிவிடுங்கள், விரிசல் அங்கேதான் பிறக்கும். சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் மயிரிழை போல ஈரக்கோடு எழும்பும்.

380 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். அடிக்கும் முகத்துக்கு 170, கைப்பிடிக்கு 160, மீதி 50 இரண்டையும் இணைக்கும் கழுத்து. கழுத்து சாய்வாக ஏறி, பிடியை முகத்தைவிட 35 மி.மீ. உயரத்தில் நிறுத்த வேண்டும். வளைக்கும் இடத்தை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி வளையுங்கள். நிறம் மங்கிக் கருஞ்சிவப்பானதும் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்சுங்கள். அதற்குக் கீழே மல்லுக்கட்டினால் கழுத்தில் வெடிப்பு வரும். வளைத்த சூட்டோடு தண்ணீரில் முக்கவே கூடாது. அரிவாளுக்குத் துவைச்சல் போடுவார்கள், இதற்கு அது தேவையில்லை. சாம்பலில் புதைத்து ஆறவிடுங்கள்.

பட்டையின் இயற்கையான வளைவில் புடைத்த பக்கமே அடிக்கும் முகம். நீளவாட்டில் நடு, இரு முனைகளையும்விட 2 மி.மீ. உயர்ந்திருக்கட்டும், அகலவாட்டில் அரை மி.மீ. மேடு போதும். நான்கு விளிம்பையும் ஐந்து ரூபாய் நாணயத்தின் வளைவு அளவுக்கெல்லாம் போகாமல், 4 – 5 மி.மீ. ஆரத்தில் உருட்டினால் சரி. பிறகு கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் வீல் (உப்புத்தாள் மடிப்புச் சக்கரம்), அதன்பின் 120, 220, 400 நம்பர் என்று உப்புத்தாள். துருக்குழி ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் ஒவ்வொரு அடியிலும் அது தகட்டில் அச்சாகும், அலுமினியத்தில் இன்னும் அதிகமாக. அலுமினிய வேலைக்கென்றே இன்னொன்று செய்து, முகத்தில் 3 மி.மீ. தோல் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சுத்தியல் முகத்தை கிரைண்டரில் வழவழப்பாக்கும்போது நீலமாகிவிட்டது. பரவாயில்லையா?
– வாசகர், கரூர்

பதில்: பரவாயில்லை என்று விட முடியாது. நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறிவிட்டது, பதம், அதாவது இரும்பின் கடினம், இறங்கியிருக்கலாம். அரத்தால் முகத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தப்பித்தீர்கள், நீலம் மேலோட்டமானது, பொறுமையாகத் தேய்த்து எடுத்துவிடலாம். அரம் கடித்தால் கொல்லுப் பட்டறையில் கொடுத்து மறுபடி பதம் போட வேண்டும். இனிமேல் மூன்று நான்கு விநாடிக்கு மேல் சக்கரத்தில் வைக்காதீர்கள், பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும். விரல் பொறுக்காத சூடு வந்தாலே முக்கிவிடுங்கள். சுத்தியலோடு சுத்தியல் மோதி முகம் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் உண்டு. சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

கேள்வி: தகட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் டாலிக்கு ரயில் தண்டவாளத் துண்டு நல்லது என்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: இரும்பு நல்ல இரும்பு, வம்பும் பெரிய வம்பு. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் போட்ட சட்டம் இருக்கிறது. முறையாக வாங்கியதற்குச் சீட்டு இல்லாமல் கையில் வைத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

விளையாட்டுச் சாமான் கடையில் குண்டு எறிதல் குண்டு கேளுங்கள். 4 கிலோ குண்டின் விட்டம் 95 முதல் 110 மி.மீ. பெயிண்டைச் சுரண்டி 400 தாளில் தேய்த்தால் அருமையான உருண்டை டாலி. கையில் பிடிக்கக் கனம் அதிகமென்றால் குழாய்த் துண்டு ஒன்றை மரக்கட்டையில் பதித்து அதன்மேல் உட்கார வையுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். கையடக்க டாலிக்கு லாரி ஆக்ஸில் துண்டு, ஒன்றரைக் கிலோ அளவில். ஒரு பக்கம் நல்ல வளைவு, மறுபக்கம் ஏறக்குறைய தட்டை.

டாலியின் வளைவு தகட்டின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். தட்டையான டாலியை வளைந்த தகட்டுக்கு அடியில் கொடுத்தால் அதன் ஓரம்தான் முட்டும். காதும் வேலை செய்யட்டும்: சுத்தியல் நேராக டாலிமேல் விழுந்தால் ‘டிங்’, விலகி விழுந்தால் ‘டொக்’. ‘டிங்’ அடியில் தகடு நசுங்கி விரிகிறது. அதை ஒரே இடத்தில் தொடர்ந்தால் தகடு தொளதொளத்து, விரலால் அழுத்தினால் டொப்பென்று உள்ளே போய் வெளியே வரும். சொட்டையை மேலே கொண்டுவர வேண்டியது ‘டொக்’ அடிதான்: டாலி பள்ளத்தின் அடியில், சுத்தியல் பக்கத்து மேட்டில்.

கேள்வி: கொட்டாப்புளிக்கு (மரச் சுத்தியலுக்கு) எந்த மரம்?
– வாசகர், மதுரை

பதில்: புளியமரத்தின் வைரம். தலை 65 மி.மீ. விட்டம், 140 மி.மீ. நீளம், ஒரு முனை முட்டையின் மழுங்கிய பக்கம் போல, மறுமுனை அதைவிடத் தட்டையாக. மரத்தின் ரேகை முனையிலிருந்து முனைக்கு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் பிளக்கும். பச்சைக் கட்டையைக் கடையாதீர்கள். இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டபின் கடையுங்கள். பிடிக்குக் கல்மூங்கில், 300 மி.மீ. நைலான் தலையும் செய்யலாம்தான், ஆனால் துள்ளும்.

கேள்வி: தகட்டை வைத்து அடிக்கும் மணல் பை இரண்டே மாதத்தில் கல்லாகிவிட்டது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கடற்கரை மணலாக இருந்தால் உப்பு ஈரத்தை இழுக்கும், தகட்டையும் துருப்பிடிக்க வைக்கும். எம்-சாண்டும் வேண்டாம், தூள் அதிகம், தையல் வழியே கசியும். சலித்த ஆற்றுமணலை இரும்புச் சட்டியில் ஈரம் போக வறுத்து, ஆறிய பின் நிரப்புங்கள். பை 350 மி.மீ. வட்டம், 3 மி.மீ. மாட்டுத்தோல், இரட்டைத் தையல். முட்டமுட்ட நிரப்பினாலும் கல் மாதிரிதான் இருக்கும். முஷ்டியால் அழுத்தினால் 25 – 30 மி.மீ. பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள்தான் கொட்டாப்புளி தகட்டை இறக்குகிறது. பையைச் சிமெண்ட் தரையில் விட்டுவைக்காமல் பலகைமேல் வையுங்கள்.