பிரசவத் திட்டம் தலைகீழாகிவிட்டது, செலவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: எனக்கு 33-வது வாரம் நடக்கிறது. கோவையில் ஐ.டி. வேலை. கணவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். வளைகாப்பு முடிந்ததும் கரூரில் அம்மா வீட்டுக்குப் போய், தெரிந்த டாக்டரிடம் சுகப்பிரசவம் பார்த்துக்கொள்வதாக இருந்தோம். அதற்கென்று 60,000 ரூபாய் ஒதுக்கியிருந்தேன். போன வாரம் பி.பி. ஏறி, யூரினில் புரோட்டீன் வந்து, பிரீஎக்லாம்ப்சியா என்றார்கள். எந்த நேரமும் சிசேரியன் செய்ய நேரலாம், என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்கிறார் டாக்டர். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றரை லட்சம், குழந்தைக்கு என்.ஐ.சி.யூ. தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 12,000 முதல் 15,000 வரை என்றார்கள். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் பிரசவத்துக்கு 75,000 மட்டுமே. கையில் 2 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட், 12 பவுன் நகை, மனைக்கு முன்பணம் கொடுக்க வைத்திருக்கும் 3 லட்சம், பாதி கட்டிய ஒரு சீட்டு. பர்சனல் லோன் போடலாமா? இந்த நேரத்தில் காசை நினைப்பதே குற்ற உணர்வாக இருக்கிறது.
– கோவை வாசகி

பதில்: சகோதரி, குழந்தைக்காகத்தானே காசைப் பற்றி நினைக்கிறீர்கள்? அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆசை ஆசையாகப் போட்டுவைத்த திட்டம் கலைந்தால் அழுகை வரத்தான் செய்யும். அழுதுவிடுங்கள். கணக்கு வேலையை உங்கள் கணவர் கையில் கொடுங்கள். அவருக்காகத்தான் கீழே எழுதுகிறேன்.

உங்கள் பில்லுக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றரை லட்சம் இரண்டு லட்சமாகலாம், பெரும்பாலும் அதோடு நிற்கும். குழந்தையின் பில்லுக்கு அப்படி எல்லை கிடையாது. 4 நாளில் வெளியே வரும் குழந்தையும் உண்டு, 3 வாரம் இருக்கும் குழந்தையும் உண்டு. மூச்சுக்கு உதவும் சி-பேப், வென்டிலேட்டர் என்று போனால் அன்றாடக் கட்டணமே மாறும். மருந்து, பரிசோதனை எல்லாம் தனி. அதனால் பணமும் கவனமும் குழந்தையின் பக்கம் இருக்கட்டும்.

ஹெச்.ஆருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிறந்த குழந்தையின் என்.ஐ.சி.யூ. செலவு அந்த 75,000-க்குள் வருமா, அல்லது குடும்பத்துக்கான மொத்தக் காப்பீட்டுத் தொகையிலிருந்து வருமா? பல குழுக் காப்பீடுகளில் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே குடும்பத் தொகையில் காப்பீடு உண்டு. அப்படி இருந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது ஆகாது. குழந்தையின் பெயரைச் சேர்க்க எத்தனை நாள் கெடு என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் தனி நம்பர் போடுவார்கள். பெயர் வைக்கும் முன்பே 'பேபி ஆஃப்' என்று உங்கள் பெயரோடு ஒரு ஃபைல் திறக்கும். பில்லும் கிளெய்மும் அந்த நம்பரிலேயே தனியாக ஓடட்டும். உங்கள் பில்லும் குழந்தையின் பில்லும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எல்லாமே பிரசவச் செலவு என்று 75,000-த்தோடு நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது. இன்னொன்று, பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு இருந்தால் அதைத் தாண்டிய அறை எடுக்காதீர்கள். வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் கழிக்கலாம்.

அடுத்து லீவு. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். டாக்டர் ரெஸ்ட் சொன்னார் என்று இப்போதே அதைத் தொடங்கினால், குழந்தையோடு இருக்க வேண்டிய வாரங்கள் குறையும். கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ வரும் உடல்நலக் குறைவுக்கு, மருத்துவச் சான்று கொடுத்தால், கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் சிக் லீவையும் முதலில் கேளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். பர்சனல் லோன் வேண்டாம். ஒதுக்கிய 60,000 முதலில் போகட்டும். மனைக்கான 3 லட்சத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள், ஆனால் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தை வீட்டுக்கு வரும்வரை அது குழந்தையின் பணம். மனை இன்னொன்று கிடைக்கும். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்க வேண்டாம், அதன்மேல் கடன் வாங்கலாம். வட்டி டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். அதுவும் போதாதென்றால் வங்கியில் நகைக்கடன். சீட்டை இப்போது தள்ளி எடுத்து நஷ்டப்படாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிசேரியன், மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம், குழந்தைக்கும் ஒரு வயது வரை சிகிச்சை இலவசம். இதற்கு வருமானச் சான்று தேவையில்லை. வசதி குறைவு, கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் சிக்கலான பிரசவங்களைத் தினமும் பார்க்கும் கைகள் அங்கே இருக்கின்றன. 'அங்கெல்லாம் போவதா' என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முடிவை உங்கள் டாக்டரிடம் கேட்டு எடுங்கள். இன்றே ஒருமுறை போய் விசாரித்து, உங்கள் ரிப்போர்ட்களின் நகலோடு ஒரு ஃபைல் தயாராக வையுங்கள்.

கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். 108 இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு டெபாசிட் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் செலவுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, குழந்தைக்கு நாலு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். காதுக்கும் ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் இது விட்டுப்போகும். அதனால் டிஸ்சார்ஜ் தாளில் அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.