பள்ளியில் கார்டியன் என்றால் சட்டத்திலும் கார்டியனா?

அண்ணனும் அண்ணியும் இறந்தபின் அவர்கள் பையனை 4 வருஷமாக வளர்க்கிறீர்கள். பள்ளியில் கார்டியன் என்று உங்கள் பெயர்தான். அண்ணன் விட்டுப்போன மனையை விற்று ஃபீஸ் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு முடியாது. நானும் அக்கா மகளை வளர்த்தவன். பள்ளிப் படிவத்தில் போட்ட கையெழுத்தை நம்பி, அவள் பேரில் இருந்த மனைக்குக் கிரயம் பேசும் வரை போய்விட்டேன். வாங்க வந்தவரின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கோர்ட் ஆர்டர் இருக்கா?" வளர்க்கிறவனுக்கு இல்லாத உரிமையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மற்றவர்களுக்கு விதி கொஞ்சம் மாறும். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டப்படி அப்பாவும் அம்மாவும்தான் மைனரின் இயற்கைக் காப்பாளர்கள், அதாவது கோர்ட் நியமிக்காமலேயே சட்டம் ஏற்கிற கார்டியன்கள். சித்தப்பா, மாமா, தாத்தா, பாட்டி யாரும் அதில் வரமாட்டார்கள். பெற்றோர் உயிலில் யாரையாவது காப்பாளராக எழுதியிருக்கலாம், ஆனால் நம் வீடுகளில் யார் எழுதுகிறார்கள்? நியமனம் இல்லாமல் வெறுமனே வளர்ப்பவர் மைனர் சொத்தை விற்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு.

ஆகவே பையன் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மனு போடுங்கள். வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். போகும்முன் ஒன்று: மனை அண்ணனின் சுயசம்பாத்தியம் என்றால், அவர் இறந்தபோது உங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. இதை விட்டுவிட்டு மனு எழுதினால் பிறகு தலைவலி.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். எங்கள் பெண்ணுக்கு அப்போது 13. நீதிபதி என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காப்பாளராக நியமித்த பிறகும் விற்பதற்குத் தனி அனுமதி வேண்டும். நான் அதைக் கேட்டபோது, "வருஷ ஃபீஸ் எவ்வளவு?" என்றார் நீதிபதி. சொன்னேன். "அதுக்கு முழு மனையுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. 5 வருஷத்துக்கு மேற்படாத, மைனர் 18 முடித்து ஒரு வருஷத்தைத் தாண்டாத குத்தகைக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதை வக்கீல் அப்புறம்தான் சொன்னார். 3 வருஷக் குத்தகைக்கு லாரி நிறுத்த விட்டோம். ஃபீஸ் அதில் போயிற்று. மனை அவள் பேரிலேயே இருக்கிறது.