நாளாகமத்தில் ஜாதி தேடும் பெரியவருக்கு

கேள்வி: என் மகள் தன்னுடன் வேலை பார்க்கும் ஒரு பையனை விரும்புகிறாள். அவனும் கிறிஸ்தவன்தான், குடும்பமே தவறாமல் சபைக்குப் போகிறவர்கள். ஆனால் வேறு ஜாதி. எனக்கும் என் கணவருக்கும் சம்மதம். கணவரின் அண்ணன்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். அவர் சபையில் மூப்பர். "நாளாகமத்துல ஒன்பது அதிகாரத்துக்குக் கர்த்தர் எதுக்கு வம்சத்தை எழுதி வச்சிருக்கார்? ரத்தம் கலக்கக் கூடாதுன்னுதானே?" என்று வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்கிறார். அந்தப் பக்கங்கள் வந்தாலே புரட்டிவிட்டுப் போகிறவள் நான். என்ன பதில் சொல்வது? உண்மையில் அந்தப் பட்டியல்கள் எதற்காக? கூடவே என் இளைய மகனின் கேள்வி ஒன்று: ஆதியாகமத்தில் வரும் மெத்தூசலா 969 வருஷம் வாழ்ந்தது நிஜமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, புரட்டிவிட்டுப் போவது நீங்கள் மட்டுமில்லை. பிரசங்க பீடத்தில் நிற்பவர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரும் அந்த ஒன்பது அதிகாரத்தை எண்ணிப் பார்த்திருக்கிறாரே தவிர, வாசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாசித்திருந்தால் இந்த விஷயத்துக்கு அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

முதலாம் நாளாகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூதா கோத்திரத்தின் பட்டியல் அது, தாவீது பிறந்த கோத்திரம். ரத்த சுத்தம்தான் நோக்கம் என்றால் எழுதியவர் மிகவும் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டிய இடம். அங்கே என்ன இருக்கிறது? யூதாவின் முதல் மூன்று பிள்ளைகள் கானானியப் பெண் ஒருத்திக்குப் பிறந்தவர்கள். மற்ற இருவர் மருமகள் தாமாருக்குப் பிறந்தவர்கள். அந்த இருவரில் ஒருவனான பேரேசின் வழியில்தான் தாவீது வருகிறான். தாவீதின் சகோதரி அபிகாயிலின் மகன் அமாசாவுக்குத் தகப்பன் ஓர் இஸ்மவேலன். மூன்றாம் அதிகாரத்துக்குப் போனால், அப்சலோமின் தாய் கேசூர் ராஜாவின் மகள். நான்காம் அதிகாரத்தில் பார்வோனின் மகள் பித்தியாளே இந்தக் கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்துவிடுகிறாள். இதையெல்லாம் யாரும் தோண்டி எடுக்கவில்லை. பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர், வேண்டுமென்றே நின்று, "இவள் இன்ன தேசத்தாள்" என்று குறித்துவிட்டுப் போகிறார். மறைக்க நினைத்திருந்தால் ஒரு வரியை விட்டிருந்தாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதே இரண்டாம் அதிகாரத்தின் 34-ஆம் வசனம். சேசான் என்று ஒருவர். ஆண் பிள்ளை இல்லை, பெண்கள் மட்டும். வீட்டில் யர்கா என்று ஓர் எகிப்திய வேலைக்காரன். சேசான் தன் மகளை அந்த வேலைக்காரனுக்கே கட்டிக் கொடுக்கிறார். அவர்களுக்கு அத்தாயி பிறக்கிறான். சரி, இத்தோடு அந்தக் கிளையை முடித்துவிடுவார்கள் என்று பார்த்தால், அத்தாயியிலிருந்து எலிசாமா வரை பதின்மூன்று தலைமுறையின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பெயர் பெற்ற எத்தனையோ பேருக்கு மூன்று தலைமுறைகூடக் கிடைக்காத பட்டியலில், எகிப்திய வேலைக்காரனின் வழிக்குப் பதின்மூன்று! அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தனி வருத்தம்.

அப்படியானால் இந்தப் பட்டியல்கள் எதற்கு? கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை இடித்து ஜனங்களைக் கொண்டுபோனார்கள். சுமார் ஐம்பது வருஷம் கழித்துப் பாரசீக ராஜா கோரேசு திரும்பிப் போக அனுமதி தந்தான். திரும்பி வந்தவர்களுக்கு ராஜா இல்லை, ஆலயம் இல்லை, முன்பு இருந்த நிலத்தில் இப்போது வேறு யாரோ. அந்தக் காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டதுதான் நாளாகமம். நம் ஊரில் பட்டா, சிட்டா எப்படியோ, அவர்களுக்கு வம்ச அட்டவணை அப்படி. யாருக்கு எந்த ஊர், எந்த வயல், ஆலயத்தில் யார் பாடுவது, யார் வாசல் காப்பது, எல்லாம் அதில்தான் நின்றது. அதனால்தான் லேவியருக்கு அவ்வளவு நீளமான இடம். அதனால்தான் நெசவு செய்த குடும்பமும் ராஜாவின் வேலைக்காக இருந்த குயவர்களும் நான்காம் அதிகாரத்தில் வந்து நிற்கிறார்கள். பட்டியலில் இருந்தால்தான் நீ இந்த ஜனத்தில் ஒருவன். எல்லாம் பறிபோன பிறகு, ஆதாமிலிருந்து தொடங்கி, "நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று சொன்ன எழுத்து அது.

அந்த அட்டவணை ஆளை வெளியே தள்ளவும் பயன்பட்டது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன், ஏனென்றால் பெரியவர் அடுத்து அங்கேதான் வருவார். எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் மூன்று ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் அட்டவணையைத் தேடுகின்றன, கிடைக்கவில்லை. அதில் ஒரு குடும்பத்தின் சிக்கல், அவர்களுடைய முன்னோர் ஒருவர் கீலேயாத்தியனான பர்சிலாயின் வீட்டில் பெண் எடுத்து மாமனார் வீட்டுப் பெயரையே தரித்துக்கொண்டது. மூன்று குடும்பத்தையும் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கி, தேவனுடைய சித்தத்தைக் கேட்டறியும் ஊரீம் தும்மீமோடு ஓர் ஆசாரியன் எழும்பும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். மூவரில் ஒரு குடும்பத்தின் பெயர் கோஸ். நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தில் எருசலேம் மதிலைக் கட்டுகிறவர்களில் கோசின் பேரன் மெரெமோத் இருக்கிறான். எஸ்றாவின் எட்டாம் அதிகாரத்தில், உரியாவின் மகன் மெரெமோத் என்னும் ஆசாரியனின் கையில்தான் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து ஒப்படைக்கிறார்கள். நாளாகமத்தின் 24 ஆசாரிய ஊழிய வரிசைகளில் கோசின் பெயர் ஏழாவதாக நிற்கிறது. எப்படித் திரும்ப வந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. கதவு அடைத்தபடியே இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எஸ்றாவின் கடைசி அதிகாரங்கள் இன்னும் கடுமை. அந்நிய தேசத்து மனைவிகளைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடச் சொல்கிறார்கள். "பரிசுத்த வித்து" கலந்துவிட்டது என்ற பேச்சும் அங்கே இருக்கிறது. அந்த அதிகாரங்களை வாசிக்கும்போது எனக்கு அந்தப் பெண்களின் முகம்தான் கண்ணில் வரும். ஆனால் அதே வேதத்தில்தான் ரூத்தின் புத்தகமும் இருக்கிறது. மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் சபைக்கு உட்படக் கூடாது என்கிறது உபாகமம். ரூத் மோவாபியப் பெண். அவள் கதை எதில் முடிகிறது? ஒரு வம்ச அட்டவணையில். பேரேஸ் தொடங்கி போவாஸ், ஓபேத், ஈசாய், தாவீது வரை பத்துப் பெயர். எஸ்றாவின் கடுமைக்குப் பதிலாகவே ரூத்தின் கதை எழுதப்பட்டது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆக, வேதத்துக்குள்ளேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. பெரியவர் ஒரு கட்சியின் வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பு என்கிறார்.

எண்ணாகமம் 36-ஐயும் அவர் காட்டலாம். மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் தங்கள் கோத்திரத்துக்குள்தான் மணம் முடிக்க வேண்டும் என்று அங்கே ஒரு கட்டளை. காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது: நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடக் கூடாது. ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் மகளோடு மனாசே கோத்திரத்து நிலம் ஏதும் கைமாறப்போகிறதா என்று கேட்டுப் பாருங்கள்!

இவை ரத்தப் பரிசோதனைக்கான தாள்களாக இருந்திருந்தால் ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது. விடுபட்டிருக்கிறது. எஸ்றா ஏழாம் அதிகாரத்தில் எஸ்றா தன் வம்சத்தை ஆரோன் வரை சொல்கிறார்; அதை நாளாகமத்தின் ஆறாம் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் நடுவில் ஆறு பெயர் இல்லை. மத்தேயுவும் யோராமிலிருந்து உசியாவுக்கு மூன்று ராஜாக்களைத் தாண்டிப் போகிறார். வழியைக் காட்டினால் போதும் என்பதுதான் அன்றைய வழக்கம்.

மெத்தூசலாவுக்கு வருவோம். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: பண்டைய சுமேரியர்களின் ராஜாக்கள் பட்டியல் ஒன்று களிமண்ணில் எழுதிக் கிடைத்திருக்கிறது. அதில் ஜலப்பிரளயத்துக்கு முன் ஆண்ட முதல் ராஜா மட்டும் 28,800 வருஷம் ஆள்கிறான். அதோடு வைத்துப் பார்த்தால் ஆதியாகமம் கையை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒருவரும் ஆயிரத்தைத் தொடவில்லை, ஏறக்குறைய ஒவ்வொருவர் கதையும் "மரித்தான்" என்றே முடிகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த எண்களே மாறுகின்றன. சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரெயத்தில் 130 வயது, கிரேக்கத்தில் 230. இவற்றைக் கூட்டித்தான் 1650-இல் அயர்லாந்துப் பேராயர் அஷர், உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று கணக்குச் சொன்னார். என் அபிப்பிராயம் கேட்டால், அந்த வயதுகள் கூட்டல் கணக்குக்காக எழுதப்பட்டவை அல்ல, பழமைக்கும் மரியாதைக்கும் அடையாளம். உங்கள் சபையில் வேறு மாதிரிச் சொல்வார்கள். பையன் இரண்டையும் கேட்டு வளரட்டும்.

யூத ரபிகளுக்கு வம்சத்தைப் பற்றி நம்மைவிட அதிக அக்கறை. அவர்களே மிஷ்னா என்னும் தங்கள் சட்டத் தொகுப்பில், கி.பி. 200 வாக்கில், தேவன் ஏன் ஒரே ஒரு ஆதாமைப் படைத்தார் என்று கேட்டு ஒரு காரணம் சொல்கிறார்கள்: "என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்" என்று ஒருவன் மற்றவனிடம் சொல்லாமல் இருப்பதற்காக. நாளாகமத்தின் முதல் பெயரும் ஆதாம்தான். பெரியவர் வம்சம் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பார்க்கட்டும். அவருடைய ஜாதி அந்த ஒன்பது அதிகாரத்தில் எங்கேயும் இல்லை; பையனுடைய ஜாதியும் இல்லை.

இனி என்ன செய்வது? விவாதத்துக்குப் போகாதீர்கள், மூப்பரோடு வசனச் சண்டை போட்டு ஜெயித்தாலும் வீட்டில் தோற்பீர்கள். நீங்களும் கணவரும் சம்மதித்துவிட்டீர்கள், அதுதான் முக்கியம். பையனைப் பற்றி விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள்: குணம், கடன், குடி, மகளை எப்படி நடத்துகிறான் என்பது. பெரியவரிடம் உங்கள் கணவரே பேசட்டும், தம்பி பேசினால் அண்ணன் கொஞ்சமாவது கேட்பார். அதற்கு முன், அடுத்த குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். முதலாம் நாளாகமம் இரண்டாம் அதிகாரம், 34 முதல் 41 வரை, எட்டே வசனம். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், விளக்கம் எதுவும் நீங்கள் சொல்ல வேண்டாம்.