நாகர்கோவில் தன் தண்ணீரைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

நாகர்கோவிலுக்கு முக்கடல் அணை இருக்கிறதே, பக்கத்து ஊர்களோடு சேர்ந்து எதற்குத் திட்டமிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கடல் சின்ன அணை, முழு நீர்மட்டமே 25 அடிதான். கோடையில் அது வற்றினால் பெருஞ்சாணி அணைத் தண்ணீரைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதுவோ கோதையாறு பாசனத் திட்டத்தின் பங்கு. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் அதே திட்டம்தான். தோவாளை, அனந்தனாறு கால்வாய்களை நம்பி வயல்கள் கிடக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் வரைக்கும் இந்தத் தண்ணீர் போக வேண்டும். அப்புறம் நகரம் மட்டும் எப்படித் தனியாகக் கணக்குப் போடும்?

பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெய்யாறு இடதுகரைக் கால்வாய் இருக்கிறது. அணை கேரளத்தில், வயல் தமிழ்நாட்டு விளவங்கோட்டில். 2004-லிருந்து தண்ணீர் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காய்ந்த அந்தக் கால்வாயைப் பார்த்தால் மனசு தாங்காது.